வீட்டை விற்கப்போறீங்களா? பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் இதைப் படிங்க! - அம்பத்தூர் வீடுகளுக்கான ஹோம் ஸ்டேஜிங் கைடு

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி. புரோக்கர் அண்ணன் ஒரு பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறார். கணவன், மனைவி, கூடவே பெண்ணின் அப்பா. உங்கள் அம்மா விடியற்காலையிலேயே எழுந்து வீட்டைக் கூட்டித் துடைத்து, வாசலில் கோலம் போட்டு, டிகாக்ஷன்கூட இறக்கி வைத்துவிட்டார். வந்தவர்கள் ஹாலில் நிற்கிறார்கள். கிச்சனை எட்டிப் பார்க்கிறார்கள். பாத்ரூம் குழாயைத் திறந்து மூடுகிறார்கள். பெரியவர் மட்டும் பெட்ரூம் சுவரின் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ``சரிங்க... வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்.''

அந்த போன் வரவே வராது. அது உங்களுக்கும் தெரியும், புரோக்கருக்கும் தெரியும். அம்மா மட்டும் சாயங்காலம் வரை காத்திருப்பார்.

வேலைக்காக பெங்களூரிலோ ஓ.எம்.ஆரிலோ செட்டிலாகிவிட்டு, அம்பத்தூரில் இருக்கும் அப்பா-அம்மாவின் வீட்டை விற்க வேண்டிய பொறுப்பு இன்று நிறைய பேர் தலையில் விழுந்திருக்கிறது. பத்திரம், பட்டா விஷயமெல்லாம் வக்கீலிடம் கேட்கிறோம். விலையைப் பக்கத்து வீட்டில் விசாரிக்கிறோம். ஆனால், வீட்டை எப்படிக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. ``நம்ம வீடு நல்ல வீடுதானே, பார்த்தா தெரியாதா?'' என்று விட்டுவிடுகிறோம். தெரியாது பாஸ்! 20 வருஷம் வாழ்ந்ததால்தான் உங்களுக்குத் தெரிகிறது. வர்றவங்களுக்கு நீங்கதான் காட்டணும்.

இதற்குத்தான் `ஹோம் ஸ்டேஜிங்' என்று பெயர்.

அது என்ன ஸ்டேஜிங்?

பெயரிலேயே மேடை இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வீடு விற்றுக்கொடுக்கும் முகவராக இருந்த பார்ப் ஷ்வார்ஸ் என்பவர்தான் இதை ஒரு தொழில்முறையாகப் பிரபலப்படுத்தியவர். நாடகம் தொடங்கும் முன் மேடையைத் தயார் செய்வதுபோல, வாங்க வருபவர் உள்ளே நுழையும் முன் வீட்டைத் தயார் செய்வது. அங்கெல்லாம் இதற்காகவே சோபா, கட்டில், ஓவியம் எனச் சகலத்தையும் வாடகைக்குக் கொண்டுவந்து இறக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

நமக்கு அவ்வளவெல்லாம் தேவையில்லை. நம் வீடுகளின் பிரச்னை பொருள் இல்லாதது அல்ல. பொருள் அதிகமாக இருப்பது. அதனால் நம் ஊர் ஸ்டேஜிங்கில் வாங்கி வைக்கும் வேலையைவிட எடுத்து ஒதுக்கும் வேலைதான் அதிகம்.

இன்னொன்று, வாங்குபவர் மனசுக்குள் ஓடும் கணக்கையும் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒருவர் வாழ்ந்த வீட்டை வாங்கினால் 7 சதவிகிதம் முத்திரைத் தீர்வை, 2 சதவிகிதம் பதிவுக் கட்டணம். 60 லட்சம் ரூபாய்க்குப் பத்திரம் பதிந்தால் 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இதுபோக வங்கிக் கடன் செலவு, புரோக்கர் கமிஷன், வக்கீல் ஃபீஸ். கையிருப்பை எல்லாம் வழித்துத் துடைத்துக்கொண்டுதான் அவர் உங்கள் வீட்டுக்கு வருகிறார். ஒழுகும் குழாயைப் பார்த்தால் உங்களுக்கு அது 300 ரூபாய் வாஷர் வேலை. அவருக்கோ, ``உள்ளே இன்னும் என்னென்ன வேலை இருக்கோ?'' என்ற பயம். அந்தப் பயத்தின் விலையைத்தான் அவர் பேரத்தில் குறைக்கிறார்.

எல்லா வீட்டுக்கும் பொதுவான நாலு விஷயம்

வீடு எந்த வகையாக இருந்தாலும் இந்த நான்கையும் முதலில் முடித்துவிடுங்கள்.

1. வெளிச்சம்: ஜன்னல் கம்பியையும் கொசு வலையையும் கழுவினாலே அறை மாறிவிடும். கொசு வலையில் அடைந்திருக்கும் தூசி எவ்வளவு வெளிச்சத்தைத் தின்கிறது என்பது கழுவிய பிறகுதான் தெரியும். அழுத்தமான நிறத் திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டு மெல்லிய வெளிர் நிறத் துணியைப் போடுங்கள். ஒரே அறையில் ஒரு பல்பு மஞ்சள், ஒன்று நீலம் கலந்த வெள்ளை என்று இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்கு மாற்றுங்கள். எரியாத டியூப்லைட் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

2. வாசனை: நம் வீட்டு வாசம் நம் மூக்குக்குத் தெரியாது. வெளி ஆள் ஒருவரை, ஒரு நண்பரை, வரச்சொல்லி வாசலில் நிற்கவைத்து ``என்ன வாசனை வருது, உண்மையைச் சொல்லு'' என்று கேளுங்கள். அந்துருண்டை, பழைய எண்ணெய்ப் பிசுக்கு, ஈரச் சுவர், நாய்க்குட்டி... எதுவாக இருந்தாலும் அதன் காரணத்தைச் சரிசெய்யுங்கள். பார்ட்டி வரும் நேரத்தில் ரூம் ஸ்ப்ரேயை அள்ளித் தெளித்தால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

3. தண்ணீர்: சென்னைக்காரர் வீடு பார்க்க வந்தால் குழாயைத் திறக்காமல் போகமாட்டார். உப்புத் தண்ணீரால் குழாயிலும் ஷவரிலும் படிந்த வெள்ளைக் கறையை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த துணியைச் சுற்றி வைத்துத் தேய்த்தால் போய்விடும். ஆனால், இந்த வைத்தியத்தை மொசைக், மார்பிள் தரையில் செய்துவிடாதீர்கள். அமிலம் பட்டால் அந்தக் கல் அரித்துப் பளபளப்பு போய்விடும்; பாத்ரூம் ஆசிட்டும் அப்படித்தான். சம்ப்பையும் மேல்நிலைத் தொட்டியையும் கழுவி வையுங்கள். மூடியைத் திறந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

4. பொருள்: பார்ட்டிக்கு வீட்டின் தரையும் சுவரும் தெரிய வேண்டும். மூன்று வருஷமாகத் திறக்காத டிரங்க் பெட்டி, ஓடாத மிக்ஸி, நான்கு வருஷக் காலண்டர்கள், பரணில் இருக்கும் பழைய மெத்தை எல்லாம் வெளியேறட்டும். பரண் காலியாக இருந்தால்தான் ``இங்கே இவ்வளவு வைக்கலாமா!'' என்று ஆச்சர்யப்படுவார்கள். சொந்தக்காரர் வீட்டு மாடியில் ஒரு மூலை கிடைத்தால் மூட்டை கட்டி அங்கே அனுப்பிவிடுங்கள்.

சாமி ரூமை என்ன செய்வது? வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களில், `மத அடையாளங்களையெல்லாம் எடுத்துவிடுங்கள்' என்பார்கள். நம் ஊரில் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. பூஜைக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் குடும்பங்கள் நிறைய. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஒன்றிரண்டு படங்களும் ஒரு விளக்கும் மட்டும் வைத்தால் போதும். வருபவர் வேறு மதத்தவராக இருந்தால் அவருக்கு அது அழகான ஒரு ஷெல்ஃப்.

இனி, வீட்டுக்கு வீடு எப்படி மாறும் என்று பார்க்கலாம்.

ஓ.டி., வெங்கடாபுரம் பக்கத்துப் பழைய தனி வீடு

அம்பத்தூரின் கதையே தொழிற்சாலைகளின் கதைதான். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1960-களில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தது. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பியவர்கள், பி.எஃப் பணத்தையும் சொசைட்டி லோனையும் போட்டுக் கட்டிய வீடுகள்தான் இங்கே அதிகம். ஒரே நேரத்தில் கட்டியது அல்ல. முதலில் ஓர் அறை, அப்புறம் கிச்சன், மகள் கல்யாணத்துக்கு முன்னால் மாடி என்று வளர்ந்த வீடுகள்.

இந்த வீட்டுக்கு இரண்டு வகை பார்ட்டி வரும். ஒருவர், இடித்துவிட்டு ஃபிளாட் கட்ட மனையாகப் பார்ப்பவர். அவருக்கு நீங்கள் பெயின்ட் அடிப்பது தண்டச்செலவு. மனையின் நான்கு மூலையும் தெரியும்படி செடி கொடியை வெட்டி, முன்பக்க அகலத்தையும் சாலை அகலத்தையும் டேப் பிடித்துக் காட்டினால் போதும். இன்னொருவர் குடியிருக்க வருபவர். ஸ்டேஜிங் இவருக்காகத்தான். உங்கள் வீட்டுக்கு யார் வர வாய்ப்பு அதிகம் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

குடியிருக்க வருபவருக்குப் பழைய வீட்டின் பலத்தைக் காட்டுங்கள். மொசைக் தரையின் மேல் வினைல் ஷீட் ஒட்டி மறைக்காதீர்கள். மெஷின் பாலிஷ் போட்டால் அந்தத் தரை மறுபடியும் மின்னும். தேக்குக் கதவிலும் ஜன்னலிலும் எனாமல் பெயின்ட் அடிக்காமல், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் கொடுங்கள். கிணறு இருந்தால் தூர் எடுத்து, மேலே கம்பி வலை போட்டு, எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும்படி வையுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். அந்தக் குழி குப்பை நிரம்பிக் கிடந்தால் சுத்தம் செய்துவிடுங்கள். வேப்ப மரத்தை வெட்ட வேண்டாம். உதிர்ந்த இலையைக் கூட்டினால் போதும். மே மாதத்தில் வருகிற பார்ட்டிக்கு அந்த நிழலைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.

ஹவுசிங் போர்டு வீடு

கொரட்டூர், முகப்பேர், அயப்பாக்கம், அம்பத்தூர் டி.என்.எச்.பி. என்று நம்ம ஏரியா முழுக்க வீட்டு வசதி வாரியத்தின் கை இருக்கிறது. முகப்பேரில் 1980-களில் உலக வங்கி உதவியோடு மனைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டபோது சின்னதாகத் தொடங்கிய பல வீடுகள் இன்று மூன்று மாடியாக நிற்கின்றன.

போர்டு ஃபிளாட்டின் பலவீனம், அறைகள் சின்னவை. பலம், கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, மரங்கள், காற்று. எனவே, அறையைப் பெரிதாகக் காட்டி, ஜன்னலுக்கு வெளியே இருப்பதையும் காட்ட வேண்டும். எப்படி? ஹாலில் இருக்கும் மூன்று பேர் சோபா, ஃபிரிட்ஜ், இரும்பு பீரோ, தையல் மெஷின் இவற்றில் பாதியாவது வெளியேற வேண்டும். நடந்துபோகும் வழியில் முழங்கால் இடிக்கவே கூடாது. ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோவை முதலில் நகர்த்துங்கள். ஜன்னல் கம்பிக்கு ஒரு கோட்டிங் பெயின்ட்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. பல வீடுகளில் பால்கனிக்கு வெளியேயோ தரைத்தளத்தில் காலியிடத்திலோ அனுமதி இல்லாமல் ஓர் அறையை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதில் கட்டில் போட்டு `3-வது பெட்ரூம்' என்று காட்டாதீர்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரும்போது அந்த அறை கணக்கில் வராது. கடன் தொகை குறையும், அட்வான்ஸ் கொடுத்த பிறகு டீல் உடையும்.

அதேபோல, தவணை முழுக்கக் கட்டி முடித்தும் வாரியத்திடமிருந்து கிரயப் பத்திரம் வாங்காமலே விட்ட குடும்பங்கள் உண்டு. ``அலாட்மென்ட் ஆர்டர் இருக்குப்பா'' என்று அப்பா சொன்னால் உஷாராகிவிடுங்கள். அந்தப் பத்திரம் கைக்கு வந்த பிறகு பெயின்டரைக் கூப்பிடலாம்.

ஆறு குடும்பம், எட்டு குடும்பம் இருக்கும் சின்ன ஃபிளாட்ஸ்

கள்ளிக்குப்பம், மேனாம்பேடு, புதூர், திருமுல்லைவாயல் என்று எந்தத் தெருவுக்குள் போனாலும் பார்க்கலாம். தரைத்தளத்தில் பார்க்கிங், மேலே இரண்டு மாடி, லிஃப்ட் சில இடங்களில் இருக்கும், பல இடங்களில் இருக்காது.

இந்த வகையில் பலரும் செய்யும் தப்பு, வீட்டுக்குள் மட்டும் செலவு செய்வது. பார்ட்டி உங்கள் கதவைத் தொடும் முன்பே பார்க்கிங், மீட்டர் பாக்ஸ், படிக்கட்டு, செருப்பு ஸ்டாண்டு என்று நான்கு இடங்களைக் கடந்து வருகிறார். அங்கேயே பாதி முடிவு எடுத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசி, படிக்கட்டுக்கு ஒரு வெள்ளையடிப்பு, மாடிக்கு ஒரு எல்.இ.டி. லைட், சிலந்தி வலை அடிப்பது இவற்றைச் செய்துவிடுங்கள். அவர்கள் பங்கு தராவிட்டால் நீங்களே செய்யுங்கள். ``என் செலவுல நான் ஏன் பண்ணணும்?'' என்று ஈகோ பார்த்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பார்க்கிங் உங்களுடையது என்றால், பார்ட்டி வரும் நேரத்தில் அங்கே அடுத்த வீட்டு பைக் நிற்கக் கூடாது. முடிந்தால் ஒரு காரை நிறுத்திக் காட்டுங்கள். ``கார் நிக்குமா?'' என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை.

அடுத்த கட்டடம் ஒட்டி நிற்பதால் ஒரு பெட்ரூம் மட்டும் இருட்டாக இருக்கிறதா? வெளிர் நிறச் சுவர், எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி, நல்ல லைட் ஆகியவை உதவும். ஆனால், ``பகலில் வெளிச்சமா இருக்கும்'' என்று அள்ளிவிடாதீர்கள். அவர் சாயங்காலம் வந்தாலும் அடுத்த ஞாயிறு பகலில் வருவார். ``இது தூங்குறதுக்கு நல்ல ரூம், வெயில் அடிக்காது'' என்று உண்மையிலேயே இருக்கும் நல்லதைச் சொல்லுங்கள்.

யு.டி.எஸ். எவ்வளவு என்பதை மனப்பாடமாக வைத்திருங்கள். ஃபிளாட்டோடு சேர்ந்து உங்களுக்கு உரிய பிரிக்கப்படாத நிலப் பங்குதான் அது. கட்டடம் பழசாகப் பழசாக மதிப்பு அந்த மண்ணில்தான் நிற்கும் என்பது வாங்குபவருக்கும் தெரியும்.

கேட்டட் கம்யூனிட்டி ஃபிளாட்

இங்கே உங்களுக்குப் போட்டி பக்கத்துத் தெரு அல்ல; அதே டவரில், அதே பிளானில், அதே ஆப்பில் போட்டோ போட்டிருக்கும் இன்னும் நான்கு ஃபிளாட்கள். பார்ட்டி நான்கையும் ஒரே நாளில் பார்ப்பார். எது சுத்தமாக, பளிச்சென்று, உடனே குடியேறலாம் போல இருக்கிறதோ அது அவர் மனதில் நிற்கும்.

பால்கனியில் துணிக்கொடி, உடைந்த சைக்கிள், காலித் தொட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டு நாற்காலி, ஒரு செடி வையுங்கள். கப்போர்டுகளை மூன்றில் ஒரு பங்காவது காலி செய்யுங்கள்; கண்டிப்பாகத் திறந்து பார்ப்பார்கள். சிம்னியின் எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தம் செய்யுங்கள். குழந்தையின் அறையில் சுவர் முழுக்க இருக்கும் கார்ட்டூன் ஸ்டிக்கரை எடுத்துவிட்டுச் சாதாரண பெயின்ட் அடியுங்கள். வாங்குபவர் அதை ஆபீஸ் ரூமாகவும் நினைத்துப் பார்க்க முடிய வேண்டும்.

கேட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விசிட்டர் ஆப்பில் அனுமதி கொடுக்காமல், வந்தவர் வெயிலில் 15 நிமிஷம் நின்றுவிட்டால், அந்தக் கடுப்போடுதான் உங்கள் ஹாலைப் பார்ப்பார். மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்று அசோசியேஷனிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துவிட்டால் ஒரு கேள்வி குறையும்.

வாடகைக்கு விட்டிருக்கும் போர்ஷன் வீடு

கீழே இரண்டு போர்ஷன், மேலே நீங்கள். இந்த வீட்டை நீங்கள் ஸ்டேஜ் செய்ய முடியாது, குடியிருப்பவர்களின் உதவியோடுதான் செய்ய முடியும். அது அவர்களுடைய வாழ்க்கை நடக்கும் இடம். ``வீட்டை விக்கப் போறோம்'' என்பதைப் புரோக்கர் வாயால் அவர்கள் கேட்கும்படி விடாதீர்கள். நீங்களே போய் உட்கார்ந்து சொல்லுங்கள். அட்வான்ஸ் எப்போது திரும்பக் கிடைக்கும், எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பார்ட்டி வருவதை ஒரு நாள் முன்பே தெரிவியுங்கள். போட்டோ எடுக்க அனுமதி கேளுங்கள். அவர்களுடைய குழந்தைகளோ, பொருள்களோ படத்தில் விழ வேண்டாம். தொந்தரவுக்கு அந்த மாத வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

கடுப்பில் இருக்கும் ஒரு குடித்தனக்காரர், ``மழை வந்தா முட்டி அளவு தண்ணி நிக்கும் சார்'' என்று ஒரு வரி சொன்னால் போதும். அது உண்மையாக இருந்தால்? அதற்குத்தான் கடைசியில் வருகிறேன்.

பூட்டிக் கிடக்கும் காலி வீடு

காலி வீடு காட்டுவதற்கு சுலபம் என்று நினைப்போம். நேர்மாறு. காலி அறை சின்னதாகத் தெரியும்; சுவரில் பழைய ஆணித் துளைகூடப் பெரிதாகத் தெரியும். ஓர் அறையில் ஒரு கட்டில், ஹாலில் ஒரு சின்ன மேஜையும் இரண்டு நாற்காலியும் இருந்தால் அளவு புரிந்துவிடும்.

இன்னொரு சின்ன ரகசியம். பூட்டிய வீட்டைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் வருகிறதா? பாத்ரூம் தரை வடிகாலுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, அந்தத் தண்ணீர்தான் கீழேயிருந்து வரும் வாயுவைத் தடுக்கும். யாரும் புழங்காவிட்டால் அது வற்றிவிடும். வாரம் ஒரு முறை ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றச் சொன்னால் போதும். கரன்ட் கனெக்ஷனைத் துண்டித்துவிடாதீர்கள். செல்போன் டார்ச்சில் வீடு பார்த்து யாரும் 60 லட்சம் கொடுக்க மாட்டார்கள்.

போனில் போட்டோ எடுக்கும்போது...

இப்போதெல்லாம் முதல் `விசிட்' நடப்பது 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், நோபுரோக்கர் மாதிரியான தளங்களில்தான். கேமரா உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கிறது. இவற்றை மட்டும் கவனியுங்கள்.

* முதலில் லென்ஸைத் துடையுங்கள். பாதி மங்கல் அதிலேயே போய்விடும்.

* போனைப் படுக்கவைத்து, நெஞ்சு உயரத்தில் பிடித்து, அறையின் மூலையில் நின்று எடுங்கள். சுவரின் கோடுகள் நேராக நிற்க வேண்டும்.

* 0.5 எக்ஸ் வைட் ஆங்கிளில் எல்லா அறையையும் எடுக்காதீர்கள். படத்தில் கல்யாண மண்டபம் மாதிரி தெரியும் ஹால், நேரில் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

* அந்த அறைக்கு எப்போது வெளிச்சம் வருமோ அப்போது எடுங்கள். கிழக்கு ஜன்னல் என்றால் காலை. மேற்கு என்றால் மாலை.

* டாய்லெட் மூடி மூடியிருக்கட்டும். வாளி, மக், பிரஷ், துண்டு எதுவும் வேண்டாம்.

* குடும்பப் போட்டோ, குழந்தையின் ஸ்கூல் பேட்ஜ், சாவிக்கொத்து, மருந்துச் சீட்டு, பீரோவில் இருக்கும் நகைப்பெட்டி எதுவும் படத்தில் வரக் கூடாது. இது அழகுக்காக அல்ல, பாதுகாப்புக்காக.

* வாசலில் தொடங்கி மொட்டை மாடி வரை வெட்டாமல் ஒரே வீடியோ. இரண்டு நிமிஷம் போதும். வெளியூரில் இருக்கும் மகன் பார்த்துவிட்டுத்தான் அப்பாவை நேரில் அனுப்புவார்.

விளம்பர வரியிலும் நிதானம் வேண்டும். `அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரம்' என்று போடும் முன் நீங்களே ஒரு முறை நடந்து பாருங்கள். எத்தனை நிமிஷம் ஆகிறதோ அதைப் போடுங்கள். கோயம்பேடு - பட்டாபிராம் மெட்ரோவைக் காட்டி, இன்னும் ஓடாத ரயிலுக்கு இப்போதே விலை கேட்காதீர்கள்.

அந்தப் பெரியவர் பார்த்த மூலை

முதலில் சொன்ன பெரியவர் ஞாபகம் இருக்கிறதா? பெட்ரூம் சுவரில் அவர் பார்த்தது ஈரத்தின் தடம். புது பெயின்ட் அடித்திருந்தாலும் லேசாக உப்பிக்கொண்டு நின்றது.

ஸ்டேஜிங்குக்கும் ஏமாற்றுவதற்கும் நடுவே இருக்கும் கோடு இங்கேதான் வருகிறது. ஈரச் சுவரில் பட்டியும் பெயின்ட்டும் அடித்தால் சில வாரங்களில் உப்பு பூத்து உரிந்து வந்துவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது, மேலே இருக்கும் பாத்ரூமா, மொட்டை மாடி விரிசலா, சுவருக்குள் ஓடும் பைப்பா என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயின்ட். சரிசெய்ய நேரமோ பணமோ இல்லையா? பெயின்ட் அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, ``இங்கே இந்த வேலை இருக்கு, அதுக்கு இவ்வளவு ஆகும்னு மேஸ்திரி சொன்னார், விலையில் கழிச்சுக்கலாம்'' என்று சொல்லுங்கள்.

இது நல்லவனாக இருப்பதற்கான அறிவுரை மட்டுமல்ல, சட்டமும்கூட. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும். வீட்டில் இருக்கும் குறைக்கும் சரி, பத்திரத்தில் இருக்கும் குறைக்கும் சரி, இது பொருந்தும். சொல்லாமல் மறைத்தால் அது மோசடி என்றே அந்தப் பிரிவு பேசுகிறது.

அம்பத்தூரில் இந்தக் கேள்வியின் இன்னொரு பெயர் மழைத் தண்ணீர். ஒரு பக்கம் அம்பத்தூர் ஏரி, இன்னொரு பக்கம் கொரட்டூர் ஏரி. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் இங்கே யாரும் மறக்கவில்லை. வாங்க வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள்: ``தண்ணி வருமாங்க?''

இந்தக் கேள்விக்கு நம்பும்படியான ஒரு பதில் உண்டு. வரும் வடகிழக்குப் பருவமழையில், அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவே நல்லா அடித்துப் பெய்யும் ஒரு நாளில், தெரு முனையிலிருந்து உங்கள் வாசல் வரை நடந்து ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். எடுத்த தேதி போனிலேயே பதிவாகிவிடும். தண்ணீர் நிற்காத தெரு என்றால், எந்த இன்டீரியர் டிசைனராலும் கொடுக்க முடியாத மதிப்பை அந்த வீடியோ கொடுக்கும். தண்ணீர் வந்த வீடா? எந்த வருஷம், எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரத்தில் வடிந்தது, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். தரையை உயர்த்தியது, மோட்டாரை மேலே ஏற்றியது, மீட்டர் பாக்ஸை மாற்றியது எல்லாம் காட்டுங்கள். விலை கொஞ்சம் குறையலாம். ஆனால், முதல் மழையிலேயே கைக்குழந்தையோடு முழங்கால் தண்ணீரில் நிற்கும் ஒரு குடும்பம், ``எல்லாம் தெரிஞ்சும் சொல்லாம வித்துட்டாங்க'' என்று உங்கள் அப்பா பெயரைச் சொல்லாது. அவர் 30 வருஷம் சம்பாதித்த பெயர் அது.

ஆடியில் தயாராகி ஆவணியில் காட்டுங்க!

ஆடியிலும் மார்கழியிலும் வீடு பார்க்க வருபவர்கள் குறைவு. ஆவணியிலும் தையிலும் கூட்டம் அதிகம். முகூர்த்த நாள்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் தரும் அளவுக்கு. எனவே, ஆடியை மராமத்துக்கும், பொருளை ஒதுக்கவும், போட்டோ எடுக்கவும் பயன்படுத்துங்கள். ஆவணி முதல் வாரம் விளம்பரம் வெளியே போகட்டும்.

எவ்வளவு செலவழிக்கலாம்? நான் சொல்லும் கணக்கு எளிமையானது. பயத்தைப் போக்கும் செலவைச் செய்யுங்கள்: ஒழுகல், ஈரம், வயரிங், வெளிச்சம், சுத்தம். ரசனை சார்ந்த செலவைச் செய்யாதீர்கள்: புது மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், டிசைனர் வால்பேப்பர். உங்கள் ரசனைக்கு அவர் காசு கொடுக்க மாட்டார். வாங்கியதும் இடித்துவிட்டுத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்வார்.

டைனிங் டேபிள் மேல் ஒரு ஃபைல் வையுங்கள். பத்திர நகல், வில்லங்கச் சான்று, பட்டா, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சொத்து வரி ரசீது, கரன்ட் பில், குடிநீர் வரி ரசீது. அம்பத்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அதனால் பழைய நகராட்சி ரசீது, அனுமதியெல்லாம் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். ஒரிஜினலைக் காட்ட வேண்டாம், நகல் போதும். ஃபைலைத் திறந்து பார்க்கும் பார்ட்டியின் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

கடைசியாக ஒன்று...

அம்மாவிடம் சொல்லாமல் பரணில் கை வைக்காதீர்கள். நமக்கு அது காலி செய்ய வேண்டிய பொருள். அவருக்கு உங்கள் தொட்டில். கதவு நிலையில் வருஷா வருஷம் உங்கள் உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகளின் மேல் பெயின்டர் பிரஷ்ஷை வைக்கும் முன், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பா-அம்மாவோடு உட்கார்ந்து, எது கூட வருகிறது, எது சொந்தத்துக்குப் போகிறது, எது எடைக்குப் போகிறது என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். அன்று வேலை மெதுவாகத்தான் நடக்கும். பரவாயில்லை.

அதற்குப் பிறகு பார்ட்டி வரும்போது பாருங்கள். அம்மா டிகாக்ஷனை இறக்கிவிட்டு, ``அந்த ரூம்ல காத்து நல்லா வரும்மா, போய்ப் பாருங்க'' என்று அவரே கூட்டிப் போய்க் காட்டுவார். போன் வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.